படகு இறங்கும் வாரம்

மார்ச் 27, வியாழன். கவென்ட்ரியிலிருந்து பர்சில்டன்

காலை எட்டு மணிக்கு நைட் டியூட்டி முடிந்தது. யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு வார்டிலிருந்து நேராக ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டேன். பையில் பெயின்ட் கறை படிந்த பழைய சட்டை இரண்டு, மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், அப்புறம் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் ஓத அட்டவணைப் புத்தகம். ஒரு வாரம் லீவு. இந்த ஒரு வாரத்துக்காக கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் மற்றவர்கள் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் எங்கள் படகைக் கரையேற்றினோம். ஐந்து மாதம் ஆகிறது. கவென்ட்ரி இங்கிலாந்தின் நடுவயிற்றில் இருக்கும் ஊர், எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம்தான். குளிர்காலம் முழுக்க அந்த ஓத அட்டவணை என் லாக்கரில்தான் இருந்தது. அம்மா கோவில்பட்டியில் பாம்புப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவது போல, டீ இடைவேளையில் நான் அதைப் புரட்டிக்கொண்டிருப்பேன். இரண்டிலும் அடிப்படை நிலவுதான். அம்மாவுக்கு அமாவாசை என்றால் தலைமுழுக்கும் படையலும். எனக்கு அமாவாசை என்றால் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும், நீரோட்டம் வேகமாக இருக்கும்.

கரிசல்காட்டில் பிறந்தவள் நான். தூத்துக்குடி 60 கிலோமீட்டர்தான் என்றாலும் கடலை முதலில் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. பாய்ப்படகில் முதன்முதலாகக் கால் வைத்தது 38 வயதில், இதே சவுத்தாம்ப்டன் பக்கத்தில், ஐந்து நாள் பயிற்சி வகுப்பில். இரண்டாம் நாளே முடிவு செய்துவிட்டேன், இதை விடப்போவதில்லை என்று.

ரயில் ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், வின்செஸ்டர் என்று தெற்கே இறங்கியது. பாதி தூரம் தூங்கிவிட்டேன். சவுத்தாம்ப்டனில் மாறி, சின்ன ரயிலில் பர்சில்டன். அந்த ஸ்டேஷனில் இறங்கினாலே ஹாம்பிள் ஆறு தெரியும். ஆற்று நெடுகக் கட்டியிருந்த படகுகளின் பாய்மரங்களில் கயிறுகள் காற்றுக்கு டிங் டிங் என்று தட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் தூக்கம் கலைந்துவிட்டது.

படகில் எனக்குப் பாதிப் பங்கு. மறுபாதி அண்ணாச்சியுடையது. மணப்பாட்டுக்காரர். 35 வருடம் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷன் வாசலில் காரோடு நின்றிருந்தார். "கெளவி நல்லாத்தான் இருக்கா தங்கச்சி. அடிவயித்துல கொஞ்சம் பாசி, அம்புட்டுதான்" என்றார். அவர் கிழவி என்பது படகை. 1974இல் கட்டியது.

மார்ச் 28, வெள்ளி. படகுப் பட்டறை

இன்று முழுக்கப் படகின் அடியில்தான் இருந்தேன்.

எங்களுடையது வெஸ்டர்லி சென்டார், 26 அடி. இதே ஹாம்ப்ஷயரில் வாட்டர்லூவில் என்ற ஊரில், 1969 முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் இதே மாதிரியில் இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். குடும்பத்தோடு போக, அதிகம் செலவில்லாமல், ஆழமில்லாத ஓடைகளிலும் நுழைய என்று திட்டமிட்ட படகு. அடியில் ஒரே கட்டையாக இல்லாமல் இரண்டு பக்கமும் இரண்டு கால் போல இறங்கியிருக்கும். தண்ணீர் வற்றினால் சேற்றில் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். பந்தயக்காரர்களுக்கு இது பிடிக்காது. எனக்கு இதைவிடப் பிடித்த படகு இல்லை.

காலையில் சுரண்டல் வேலை. கொட்டலசு என்று அண்ணாச்சி சொல்லும் சின்னச் சிப்பிகள் புரொப்பெல்லரின் பின்புறம் மட்டும் ஒட்டியிருந்தன. மற்ற இடமெல்லாம் காய்ந்த பச்சைப் பாசி. சுரண்டி, ஈரத்தோடு உப்புத்தாள் போட்டு (காய்ந்த நிலையில் தேய்த்தால் தாமிரம் கலந்த அந்தப் பெயின்டுத் தூள் நெஞ்சுக்குள் போகும்), கழுவி, நீர்மட்டக் கோட்டுக்கு டேப் ஒட்டி முடிக்கும்போது மதியம் ஆகிவிட்டது.

சாப்பிட்டுவிட்டுத் துத்தநாகக் கட்டியை மாற்றினோம். எனக்கு இந்தப் படகில் மிகவும் பிடித்த பொருள்களில் இது ஒன்று. உள்ளங்கையளவு கட்டி, படகுக்கு அடியில் தண்ணீருக்குள் இருக்கும். வெண்கலமும் எஃகும் உப்புத் தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அங்கே பேட்டரி போல மின்சாரம் ஓடி, ஏதாவது ஒரு உலோகம் அரிக்கத் தொடங்கும். எது எளிதில் கரையுமோ அதுதான் முதலில் கரையும். அதனால் துத்தநாகத்தைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அது கரையும் வரை புரொப்பெல்லருக்கு ஒன்றும் ஆகாது. போன ஏப்ரலில் பளபளவென்று மாட்டிய கட்டி இன்று கையில் வந்தபோது பாதிதான் இருந்தது. எலி கரும்பிய தேங்காய்ப் பத்தை மாதிரி ஓரமெல்லாம் குழி. அந்தக் குழிகளைத் தடவிப் பார்த்தேன். யார்மத், பூல், லிமிங்டன், மழையில் நனைந்துகொண்டே காத்திருந்த கவ்ஸ் என்று போன பருவத்தில் தொட்ட துறைமுகம் எல்லாம் அதில் இருக்கிறது. தூக்கிப் போட மனமில்லாமல் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு பெயின்ட். அடர்சிவப்பு. ரோலரைத் தோளுக்கு மேலே தூக்கித் தூக்கிக் கை கடுத்துவிட்டது. மாலை ஐந்தரைக்கு முதல் பூச்சு முடிந்தது. வெயில் இருந்ததால் நன்றாகப் பிடித்திருக்கிறது. இந்த மார்ச் முழுக்க இங்கே வெயில்தான்.

மார்ச் 29, சனி. அமாவாசை

இன்று சூரிய கிரகணம். பத்து மணிக்குப் பிறகு தொடங்கி நண்பகல் வரை. 11 மணிவாக்கில்தான் உச்சம். இங்கிருந்து பார்க்க, சூரியனில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல் மறைந்தது.

இரண்டாவது பூச்சு போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி படகின் அடுப்பங்கரையிலிருந்து அப்பளம் எடுக்கும் ஜல்லிக்கரண்டியைக் கொண்டுவந்து, வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நான் அப்போதுதான் பூசிய ஈரச் சிவப்பின் மேல் கரண்டியின் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சின்னச் சூரியன் விழுந்தது. நாற்பது ஐம்பது இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே பக்கத்தில் கடித்த பிஸ்கட் போல. பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒரு சிறுமி தன் உள்ளங்கையை நீட்டி அதில் சூரியன்களை வாங்கிக்கொண்டாள்.

அம்மா போன் செய்தாள். இந்தியாவில் தெரியாத கிரகணம், அதனால் தோஷமில்லை, ஆனால் நீ வெளியே நிற்காதே என்றாள். சரி என்றேன். வெளியேதான் நின்றேன்.

கிரகணம் என்றால் சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஒரே நேர்கோட்டில். இரண்டின் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். போன வாரம்தான் பகலும் இரவும் சமமான நாள் கழிந்தது, நாளை நிலவு பூமிக்கு மிக அருகில் வருகிறது. ஆக வருடத்தின் பெரிய ஓதங்களில் ஒன்று இந்த வாரம். அமாவாசைக்கு ஓரிரண்டு நாள் கழித்துத்தான் உச்சம் வரும். அதைக் கணக்குப் பார்த்துத்தான் ஜனவரியிலேயே திங்கட்கிழமைக்குக் கிரேன் கேட்டு வைத்தோம்.

இந்தச் சொலென்ட் கடலிடுக்கின் ஓதம் தனி ரகம். பெருநிலத்துக்கும் வைட் தீவுக்கும் நடுவே இருக்கும் 20 மைல் நீர்தான் சொலென்ட். சவுத்தாம்ப்டனில் கடல் ஒருமுறை ஏறி உச்சம் தொட்டு, லேசாக இறங்கி, சுமார் இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஏறும். இரட்டை ஏற்றம். தீவுக்கு இரண்டு பக்கமும் வாசல் இருப்பதால் தண்ணீர் இரண்டு தடவை வருகிறது என்று பலரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் முதலில் படித்தேன். உண்மையில் ஆங்கிலக் கால்வாயின் வடிவமும் ஆழமின்மையும்தான் காரணம். கால்வாய் முழுவதும் ஒரு தட்டில் தண்ணீர் ஆடுவது போல இரண்டு முனைகளுக்கும் மாறி மாறி ஆடுகிறது, அந்த ஆட்டத்தின் நடுப்பகுதிக்கு அருகில் இருக்கிறது சொலென்ட். நடுவில் பெரிய அலை அடங்கியிருப்பதால், ஆழமில்லாத அடித்தளம் உண்டாக்கும் சின்ன அலைகள் வெளியே தெரிகின்றன. இன்னொன்று, இங்கே அமாவாசை, பௌர்ணமி ஓதங்களின் ஏற்றம் எப்போதும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டித்தான் வரும். ஒரு தடவை தெரிந்துகொண்டால் வானத்தைப் பார்த்தே கடலைச் சொல்லிவிடலாம். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

மாலையில் இரண்டு வின்ச்சையும் பிரித்தோம். கயிறு இழுக்கும் உருளைக்கு உள்ளே, நகத்தளவு பல் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருள்வில். பழைய கிரீஸ் தேன்பாகு மாதிரி இறுகிப் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸை மெல்லிசாகத் தடவி மாட்டினேன். கைப்பிடியைச் சுற்றியதும் கிர்ர்ர் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. நான்கு பல்லும் விழுகின்றன என்று அர்த்தம். அண்ணாச்சி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அதான் சத்தம்" என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

நேற்று இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தாயிற்று. இனி மாலை ஏழரை வரை வெளிச்சம். இங்கே பாய்ப்படகுக்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் வருடப் பிறப்பு மாதிரி. பட்டறையில் இன்று இரண்டு மடங்கு கூட்டம். எங்கு பார்த்தாலும் ஏணி, வாளி, ரேடியோ.

எங்களுக்கு வேலை குறைவு. லைஃப் ஜாக்கெட்டுகளின் வாயுக் குப்பியை எடை போட்டேன். குப்பியின் மேலேயே எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று அடித்திருக்கும், குறைந்திருந்தால் கசிகிறது என்று பொருள். இரண்டும் சரி. ஆபத்தில் சைகை காட்டும் தீப்பந்தக் குழாய்களின் காலாவதித் தேதி சரி. கடலின் குளிர் இப்போது 10 டிகிரியைத் தாண்டாது. விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு திணறுவதுதான் ஆபத்து, நீச்சல் தெரிந்தாலும் அப்படித்தான். ஜாக்கெட் இல்லாமல் மேல்தளத்துக்கு வரக்கூடாது என்பது எங்கள் படகின் சட்டம்.

மாலையில், நீர் அடிமட்டத்துக்கு வற்றும் நேரம் பார்த்து, ஆற்றோரமாக மேலே நடந்தேன். பர்சில்டன் பாலங்களுக்கு அப்பால், மரங்கள் நிறைந்த வளைவில், ஐந்தாம் ஹென்றி அரசரின் கிரேஸ் டியூ கப்பல் சேற்றில் புதைந்து கிடக்கிறது. 1418இல் கடலில் இறக்கிய கப்பல். அந்தக் காலத்து வடக்கு ஐரோப்பாவில் அவ்வளவு பெரிய மரக்கலங்கள் அபூர்வம். பெரிதாகக் கடலோட வாய்க்காமலே இந்த ஆற்றில் கட்டிக் கிடந்து, 1439இல் இடி விழுந்து எரிந்தது. பெரிய வற்றத்தில் மட்டும் மரமுனைகள் வெளியே தெரியும். பாதுகாக்கப்பட்ட இடம், கிட்டே போகக் கூடாது.

கரையிலிருந்தே ரொம்ப நேரம் பார்த்தேன். ஆறு ஒடுங்கிப்போய், இரண்டு பக்கமும் சேறு ஈயம் போல மின்னியது. நடுவில் கறுப்பாக நாலைந்து முனைகள். அதுதானா, ஏதாவது மரக்கிளையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கும் வரை நின்றேன். கடலோட வேண்டிய ஒரு கப்பல் இருபது வருடம் ஆற்றிலேயே நின்றது என்ற நினைப்பு எனக்குத் தாங்கவில்லை. நாளை எங்களுடையது இறங்கிவிட வேண்டும்.

மார்ச் 31, திங்கள். தண்ணீரில்

இறங்கிவிட்டது!

பதினொரு மணிக்கு வர வேண்டிய படகு தூக்கும் கிரேன் பன்னிரண்டேகாலுக்குத்தான் வந்தது. நாலு சக்கரத்தில் ஒரு வீட்டு வாசல் நடந்து வருவது போல இருக்கும். இரண்டு அகலப் பட்டைகளைப் படகின் அடியில் கொடுத்து மெல்லத் தூக்கினார்கள். கால்கள் தரையை விட்டதும், இவ்வளவு நாள் கட்டைமேல் நின்றதால் பெயின்ட் படாத நாலு சதுரங்கள் தெரிந்தன. அதற்கென்றே கால் டப்பா பெயின்ட் மிச்சம் வைத்திருந்தோம். தொங்கிக்கொண்டிருந்த படகின் அடியில் நானும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு ஓடினோம். அண்ணாச்சி அணியத்தில் மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத் தெளித்தார். (கடற்கரைக்காரர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்பார்கள், எனக்கும் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது.) நான் ஒரு எலுமிச்சையை முன்கம்பியில் கட்டினேன். கிரேன் ஓட்டும் இளைஞர், "இரண்டு பேரும் முடித்துவிட்டீர்களா?" என்று பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் கீழே இறக்கினார்.

ஏற்றம் உச்சத்தில் இருந்தது. சிவப்பு தண்ணீருக்குள் போய், படகு பட்டையில் ஒருமுறை குலுங்கி, பிறகு தானாக மிதந்தது. நான் உள்ளே குதித்து ஒவ்வொரு வால்வாகத் தொட்டுப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை.

இன்ஜினைப் போட்டோம். ஓடியது. ஆனால் பின்னால் புகைக்குழாய் வழியே தண்ணீர் துப்பவில்லை. கடல்நீரை இழுத்து இன்ஜினைக் குளிரவைத்து வெளியே விடும் ஏற்பாடு அது. தண்ணீர் வராவிட்டால் சில நிமிடத்தில் சூடேறிவிடும். உடனே அணைத்தோம். வெள்ளிக்கிழமை பம்பில் மாட்டிய புது ரப்பர் சக்கரம்தான் கோளாறோ என்று அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. நான் வடிகட்டியைத் திறந்தேன். மூடியின் ரப்பர் வளையம் ஒரு இடத்தில் மடங்கியிருந்தது. அந்த இடைவெளியில் காற்று புகுந்ததால் பம்புக்குத் தண்ணீரை இழுக்கச் சக்தி இல்லை. வளையத்தைத் துடைத்து, வாசலின் தடவி, மறுபடி உட்காரவைத்து மூடினேன். இரண்டாம் தடவை, பத்து நொடி. பளக், பளக் என்று துப்பியது. 35 வருடம் கப்பல் இன்ஜினோடு வாழ்ந்தவர், "நீ பொழச்சுக்குவ" என்றார்.

ஆற்று நடுவில் மிதவைத் தளத்தில் கட்டியிருக்கிறோம். இன்று இன்ஜினில்தான் ஓட்டம், பாய்களை மாட்டி மடித்து வைத்தாயிற்று. எதிர்க்கரை வார்சாஷுக்குப் போகும் பிங்க் நிறச் சின்ன ஃபெரி எங்களைத் தாண்டும்போதெல்லாம் படகு லேசாக ஆடுகிறது. தரையில் தூங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால், இந்த ஆட்டம்தான். ஐந்து மாதமாக உடம்பு இதைத் தேடியிருக்கிறது.

வானிலை: வைட் பகுதிக்குக் கிழக்கு, வடகிழக்குக் காற்று, வலு அளவு 4. பிபிசி வானொலி இந்தக் கப்பல் வானிலை வாசிப்பைத் தொடங்கியது 1925இல். தேம்ஸ், டோவர், வைட், போர்ட்லண்ட், பிளிமத் என்று கடற்பகுதிகளின் பெயர்களை வரிசையாக, அவசரமே இல்லாமல் வாசிப்பார்கள். திருநெல்வேலி வானொலியில் மீனவர்களுக்கான அறிவிப்பு வரும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று அண்ணாச்சியின் அப்பா சொல்வாராம். இங்கேயும் அப்படித்தான், அது முடியும் வரை அண்ணாச்சி டம்ளரைக்கூடக் கீழே வைப்பதில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய். ஹாம்பிளிலிருந்து யார்மத்

பதினொன்றரைக்குக் கட்டவிழ்த்தோம். உச்ச ஏற்றத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே சொலென்டில் நீர் மேற்கு நோக்கித் திரும்பிவிடும், பிறகு ஐந்து மணி நேரம் அப்படியே ஓடும். காற்று கிழக்கிலிருந்து, தண்ணீரும் கிழக்கிலிருந்து மேற்கே. இரண்டும் ஒரே பக்கம் தள்ளும் நாள். இப்படி ஒரு முதல் நாள் கேட்டாலும் கிடைக்காது.

ஆற்றின் வாய் தாண்டி, கால்ஷாட் பக்கம் ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் என்றால் அதற்கு முன்னே 1000 மீட்டரும் இரண்டு பக்கமும் 100 மீட்டரும் வேறு யாரும் நுழையக் கூடாது. பிராம்பிள் மணல்திட்டைச் சுற்றி அது திரும்ப வேண்டும், நினைத்த இடத்தில் நிற்க அதனால் முடியாது. ஓரமாக ஒதுங்கிக் காத்திருந்தோம். தலைக்கு மேலே ஒரு தெரு நகர்ந்து போவது போல இருந்தது. இதே பிராம்பிள் திட்டு வருடத்தில் ஒருநாள் பெரிய வற்றத்தில் முழுதாக வெளியே தெரியும்போது, இரண்டு பாய்ப்படகுக் கிளப்புகள் அதன்மேல் இறங்கி, கால் நனைய நனைய கிரிக்கெட் ஆடும். தண்ணீர் திரும்பும் வரைதான் ஆட்டம். இந்த வருடம் எப்படியாவது பார்த்துவிட வேண்டும்.

கப்பல் போனதும் அணியத்தைக் காற்றுக்கு நேரே திருப்பினேன். "ஆஞ்சானை இழு" என்றார். பாயை மேலேற்றும் கயிறு ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். மணப்பாட்டு வள்ளத்தில் சின்ன வயதில் அவர் கற்ற பெயர்கள். பயிற்சி வகுப்பில் நான் படித்த இங்கிலீஷ் பெயர்கள் பரீட்சைக்குத்தான் உதவின. கயிறு கையில் இருக்கும்போது இந்தப் பெயர்கள்தான் எனக்கு வருகின்றன. பெரிய பாய் படபடவென்று அடித்துக்கொண்டு ஏறியது. குளிர்காலம் முழுக்க மடிந்திருந்ததால் குறுக்கே கோடு கோடாக மடிப்பு. தென்மேற்கே திரும்பியதும் பாயில் காற்று நிறைந்து, மடிப்பெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தது.

பிறகு அண்ணாச்சி இன்ஜினை அணைத்தார்.

இதற்காகத்தான் ஐந்து மாதம் காத்திருந்தேன். முதலில் இரண்டு மூன்று நொடி ஒன்றுமே கேட்கவில்லை. காது இன்னும் இன்ஜின் சத்தத்திலேயே இருக்கிறது. அப்புறம் ஒவ்வொன்றாக வருகிறது. அணியத்தில் தண்ணீர் பிளக்கும் சத்தம், அரிசி களையும்போது வருமே, அது மாதிரி. பாயின் ஓரத்தில் ஒரு சின்னப் படபடப்பு. எங்கோ ஒரு கொக்கி மெல்ல உரசுகிறது. சுக்கான் பிடி என் கைக்குள் இருக்கிறது. படகு சும்மா மிதக்கும்போது அது வெறும் கட்டை. ஓடத் தொடங்கியதும் அதில் ஒரு துடிப்பு வரும். நாடி பிடித்துப் பார்ப்பது என் தினசரி வேலை. இந்தத் துடிப்பும் அப்படித்தான் விரலுக்குத் தெரிகிறது. காற்று கொஞ்சம் வலுத்தால் பிடி கனக்கும், பாயைச் சற்றுத் தளர்த்தினால் லேசாகும். எண்ணெய் இல்லை, கரி இல்லை. மூன்று டன் படகு, கொண்டல் என்னும் கிழக்குக் காற்றில், ஒரு பஞ்சுப் பொதி போல நகர்கிறது.

யாரும் பேசவில்லை. கவ்ஸ் இடதுபக்கம் கடந்து போனது. படகுக் கருவி 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) காட்டியது, ஜிபிஎஸ் 7 என்றது. நடுவில் உள்ள இரண்டும் கடல் கொடுத்தது.

கட்டுச்சோறாகப் புளியோதரையும் மதினி கொடுத்துவிட்ட மாசிக்கருவாட்டுச் சம்பலும் சாப்பிட்டோம். மூன்றே காலுக்கு யார்மத் துறைமுகம். 1876இல் திறந்த மரப்பாலத் துறை இன்னும் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. முழுக்க மரம், பலகைகளில் அதற்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர் செதுக்கியிருக்கும். அதன் நுனிவரை நடந்துபோய் மேற்கே பார்த்தேன். ஹர்ஸ்ட் கோட்டை, அதற்கு அப்பால் திறந்த கடல். ஹர்ஸ்ட் குறுகலில் இந்த வாரம் நீரோட்டம் 4 நாட்டுக்குக் குறையாது. அதைத் தாண்டினால் நீடில்ஸ் பாறைகள். இப்போது மூன்று வெள்ளைப் பாறைகள்தான் நிற்கின்றன. உண்மையில் ஊசி மாதிரி இருந்து அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்த நாலாவது பாறை 1764இலேயே புயலில் விழுந்துவிட்டது.

இரவு, விளக்கடியில் உட்கார்ந்து இந்தப் பருவத்தைப் பேசினோம். மே கடைசியில் இந்தப் பக்கத்து அயிலை வரும். இறகு கட்டிய தூண்டிலை ஓடும் படகிலிருந்து விட்டாலே போதும், நாலைந்து சேர்ந்து ஏறும். ஜூனில் தீவைச் சுற்றும் பந்தயம். 1931இல் 25 படகோடு தொடங்கியது, இப்போது நூற்றுக்கணக்கில் வருகின்றன. 50 கடல்மைல். ஜெயிக்க இல்லை, விடியற்காலையில் அத்தனை பாய்களுக்கு நடுவே ஒரு பாயாக இருப்பதற்கு. அதற்குப் பிறகு ஷெர்பூர். நீடில்ஸிலிருந்து பிரான்ஸ் சுமார் 60 கடல்மைல். எங்கள் வேகத்துக்கு 12 மணி நேரம். நடுவே கப்பல் பாதையை நேர்குறுக்காகத்தான் கடக்க வேண்டும். என்னுடையது இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும், அடுத்த வாரமே அதற்கு நேரம் கேட்டுப் பதிகிறேன். ஆகஸ்டில், நிலவில்லாத இரவில், கையைத் தண்ணீரில் விட்டு அலைத்தால் நீலமாக மின்னும். அதை அம்மாவுக்கு ஒருநாள் காட்ட வேண்டும்.

"இன்னும் ரெண்டு வாரத்துல நம்ம ஊர்ல போட்டெல்லாம் கரைக்கு வந்துரும்" என்றார் அண்ணாச்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அங்கே வலை பின்னி, மரம் பார்த்து, பெயின்ட் அடிக்கும் பருவம். இங்கே முடிந்த வேலை அங்கே தொடங்கும். அவர் தம்பி இன்னும் கடலுக்குப் போகிறார். எந்தப் பெயின்ட் எத்தனை நாள் தாங்கியது என்று அண்ணனும் தம்பியும் வருடா வருடம் இந்த நேரத்தில் போனில் பேசிக்கொள்வார்களாம். இன்று வீடியோவில் பாயைக் காட்டினார். தம்பி கேட்ட முதல் கேள்வி, "காத்து எதுண்ணே?" "கொண்டல்" என்றார் இவர்.

ஏப்ரல் 2, புதன். நியூடவுன் ஓடை

காலையில் கிழக்கே ஓடும் நீரோடு கிளம்பினோம். காற்று இன்னும் கிழக்கிலிருந்துதான். நேற்று சேர்ந்து தள்ளிய இரண்டும் இன்று எதிரெதிர். அலை குட்டை குட்டையாக, செங்குத்தாக எழும்பி, அணியத்தில் மோதி முகத்தில் உப்பு வாரி இறைத்தது. இடதும் வலதுமாக மாறி மாறி ஓட்டி, நேர்க்கோட்டில் நாலு மைல் தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் கடந்தோம். கையுறைக்குள் விரல் விறைத்தது. அதையும் விரும்பித்தான் செய்தேன்.

நியூடவுன் ஓடைக்குள் ஏறும் நீரில் நுழைவது நல்லது. அடி தட்டினாலும் பத்து நிமிடத்தில் தண்ணீரே தூக்கிவிடும். வாசல் தாண்டியதும் காற்றுச் சத்தம்கூடக் குறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் சதுப்பு, ஓக் மரங்கள், அவற்றில் இன்னும் இலை வரவில்லை. இடைக்காலத்தில் பெரிய துறைமுகமாக வர வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டிய ஊர். 1377இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து எரித்தார்கள். அப்படியும் 1832 வரை இரண்டு எம்.பி.க்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது புல்வெளிக்கு நடுவே பழைய நகரமன்றக் கட்டடம் தனியாக நிற்கிறது. நகரம் இல்லை.

எங்களைத் தவிர ஒரே ஒரு படகு. ஜூலையில் இங்கே நங்கூரம் போட இடம் கிடைக்காது.

சதுப்பில் கறுப்புக் கழுத்து வாத்துகள் கொஞ்சம் மேய்ந்துகொண்டிருந்தன. பிரென்ட் வாத்து என்பார்கள். குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டு சைபீரியாவின் வடமுனைக்குத் திரும்பும் பறவைகள். பெரும்பாலானவை போய்விட்டன. இவை கடைசிக் கூட்டமாக இருக்கும். அவ்வப்போது நாலைந்து எழும்பி, ஒரு சுற்று சுற்றி, மறுபடி உட்காருகின்றன.

அண்ணாச்சி உள்ளே மீன்குழம்புக்குப் புளி கரைக்கிறார். யார்மத்தில் வாங்கிய மீன். நான் மேலே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நங்கூரம் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க, கரையில் ஒரு ஓக் மரத்தையும் அதற்கு முன்னால் ஒரு வேலிக் கம்பத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் படகு நகரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். இதுவரை அப்படியேதான் இருக்கின்றன.

நாளைக் காலை ஒன்பதுக்கு நீர் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கும்.